டிஜிட்டல் ரயில்: எந்த சிஸ்டம் வாங்குவது? வாசகர் கேள்வி – பதில்

மாடல் ரயில் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டைப் பற்றியவை. எந்தப் பெட்டியை வாங்குவது என்பதில் தொடங்கி, வாங்கிய பிறகு இன்ஜின் ஏன் நின்று நின்று ஓடுகிறது என்பது வரை கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையில் ஹெச்.ஓ. (1:87 அளவு) லேஅவுட் வைத்திருக்கிறேன். ஒரு வட்டம், ஒரு லூப் லைன், இரண்டு சைடிங். இதுவரை சாதாரண டி.சி. கன்ட்ரோலர்தான். இப்போது இரண்டாவது இன்ஜின் வாங்கிவிட்டேன். டி.சி.சி.க்கு மாறலாமா? ஒரு கம்பெனி சிஸ்டம் வாங்கிவிட்டு, பிறகு வேறு கம்பெனிக்குப் போனால் இன்ஜின்களையும் மாற்ற வேண்டி வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இன்ஜின்களை மாற்ற வேண்டியதில்லை. சிஸ்டம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

டி.சி.யில் தண்டவாளத்துக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுகிறோம். அதனால்தான் ஒரே லைனில் நிற்கும் இரண்டு இன்ஜினும் சேர்ந்தே கிளம்புகின்றன. டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், ஹெச்.ஓ.வுக்கு 14 முதல் 16 வோல்ட். அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாதி 58 மைக்ரோ விநாடி நீடித்தால் ‘ஒன்று’, 100 மைக்ரோ விநாடி நீடித்தால் ‘சைபர்’. இப்படி வரும் ஒன்றும் சைபருமாகிய வரிசையில் இன்ஜின் எண், திசை, வேகம், பிழை சரிபார்க்கும் எண் எல்லாம் அடங்கியிருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண் வரும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மோட்டாருக்கும் விளக்குக்கும் மின்சாரம் அதே அலையிலிருந்துதான் கிடைக்கிறது.

இந்த முறையின் அடிப்படை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 1990-களில் அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் அமைப்பான என்.எம்.ஆர்.ஏ. அதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. தண்டவாளத்தில் என்ன ஓட வேண்டும் என்பதுதான் அந்தத் தரத்தின் மையம். ஆகவே லென்ஸ், டிஜிட்ராக்ஸ், என்.சி.இ., ரோகோ, ஈ.எஸ்.யூ. எதை வாங்கினாலும் எந்தக் கம்பெனியின் டி.சி.சி. டிகோடரும் அதில் ஓடும்.

நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. கைக் கன்ட்ரோலரிலிருந்து மெயின் பெட்டிக்குப் போகும் கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டிஜிட்ராக்ஸில் லோகோநெட், லென்ஸில் எக்ஸ்பிரஸ்நெட் (ரோகோ இதையே எக்ஸ்-பஸ் என்கிறது), என்.சி.இ.யில் கேப் பஸ். மூன்றிலும் பார்க்க ஒரே மாதிரியான டெலிபோன் பிளக் இருக்கும், சொருகினால் சொருகிக்கொள்ளவும் செய்யும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு, சமிக்ஞை வேறு. மாற்றிச் சொருகினால் கன்ட்ரோலர் போய்விடக்கூடும். பின்னாளில் சிஸ்டம் மாற்றினால் நஷ்டமாவது கைக் கன்ட்ரோலர்களும், அந்த கேபிளில் தொங்கும் சென்சார் போர்டுகளும்தான்.

மாறலாமா என்றால், ஒரு நேரத்தில் ஒரே ரயில், ஓட்டுபவரும் ஒருவரே என்றால் டி.சி. போதும். இரண்டாவது இன்ஜின் வந்துவிட்ட நிலையில் இப்போதே மாறுவது நல்லது. பத்து இன்ஜின் சேர்ந்த பிறகு மாறினால் பத்து டிகோடருக்கும் சேர்த்துச் செலவு வரும். அதில் பாதி இன்ஜின்களைப் பிரித்துக் கம்பி மாற்ற வேண்டிய வேலையும் சேரும்.

கேள்வி: என்.சி.இ. பவர் கேப், ரோகோ இசட்21, டிஜிட்ராக்ஸ் ஜெஃபைர் எக்ஸ்பிரஸ், இந்த மூன்றில் எதை எடுக்கலாம்? இரண்டு பேர் ஓட்டுவோம். மூன்று நான்கு இன்ஜின். பிற்பாடு சிக்னலும் வைக்க ஆசை.
– வாசகி, சென்னை

பதில்: மூன்றுமே நம்பி வாங்கக்கூடியவை. வித்தியாசம் கையில் எப்படி இருக்கிறது என்பதிலும், பிறகு எப்படி வளர்கிறது என்பதிலும்தான்.

பவர் கேப்பில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குள்ளேயே மொத்த சிஸ்டமும் இருக்கிறது. கட்டை விரலால் உருட்டும் சக்கரம், வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டக் குறைக்கப் பொத்தான்கள், திரையில் கேள்வி கேட்டு வழிகாட்டும் எழுத்து எல்லாம் உண்டு. முதல் நாளே மேனுவல் இல்லாமல் ஓட்டிவிடலாம். கொடுப்பது சுமார் 2 ஆம்பியர். இரண்டு குறைகளைத் தெரிந்து வாங்குங்கள். பலகையின் அந்தப் பக்கம் போக அதன் பிளக்கைக் கழற்றினால் லேஅவுட் முழுவதும் நின்றுவிடும், மூளையே அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, டிகோடர் புரோகிராம் செய்யத் தனி அவுட்புட் கிடையாது. மெயின் லைன் வழியாகத்தான் செய்ய வேண்டும். அப்போது மற்ற இன்ஜின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுக்க மறந்தால் எல்லா இன்ஜினுக்கும் ஒரே எண் விழுந்துவிடும். புரோகிராமிங்குக்கு ஒரு சைடிங்கைத் தனியாகப் பிரித்து, ஒரு டபுள் போல் சுவிட்ச் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இசட்21-இல் திருகு பொத்தானே கிடையாது, வெறும் பெட்டி. போனிலோ டேப்லெட்டிலோ ஆப் போட்டு ஓட்டலாம், அல்லது மல்டிமவுஸ், டபிள்யூலான்மவுஸ் என்ற கைக் கன்ட்ரோலர் வாங்கலாம். கறுப்புப் பெட்டி 3 ஆம்பியருக்குச் சற்று மேல் தரும், தண்டவாள வோல்டேஜையும் அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்-பஸ்ஸோடு லோகோநெட்டும் இருப்பதால் பிற கம்பெனி சென்சார் போர்டுகளும் சேரும். வெள்ளை நிறச் சின்னப் பெட்டியில் லோகோநெட் கிடையாது. ஸ்டார்ட் செட்டோடு வரும் வெள்ளைப் பெட்டியில் வைஃபை வசதியைத் திறக்கத் தனியாக ஒரு குறியீடு வாங்க வேண்டும். ‘மலிவாகக் கிடைத்தது’ என்று வாங்கிவிட்டு போன் இணையவில்லை என்று தவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஜெஃபைர் மேஜைமேல் வைக்கும் கன்சோல். பெரிய வேகக் கைப்பிடி, 3 ஆம்பியர், கம்ப்யூட்டருக்கு யு.எஸ்.பி. எல்லாம் அதிலேயே உண்டு. லோகோநெட்டில் தண்டவாளப் பகுதியில் ரயில் நிற்கிறதா என்று கண்டுபிடிக்கும் போர்டுகளும் சிக்னல் போர்டுகளும் ஏராளம். சிக்னல்தான் உங்கள் இலக்கு என்றால் இது வலுவான தேர்வு. திரையில் வரும் சுருக்கக் குறிகள் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

எங்கள் முடிவு: இரண்டு பேர், சிக்னல் ஆசை என்பதால் கறுப்பு இசட்21 அல்லது ஜெஃபைர். போனில் மட்டும் ஓட்டப்போவதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். கண்ணாடித் திரையில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் ரயிலிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். பெட்டிகளைக் கோக்கும்போது, கடைசி இரண்டு சென்டிமீட்டரில், பார்வை கப்ளிங்கில் இருக்க வேண்டும், வேகம் விரலில் இருக்க வேண்டும். திருகு பொத்தான் உள்ள ஒரு கன்ட்ரோலராவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் இல்லாத கன்ட்ரோலர் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் அதன் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்க மாடல்கள் சில 900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்பவை. ஐரோப்பிய மாடல்கள் சில 869-ஐ ஒட்டியவை. இந்தியாவில் இந்தப் பகுதியில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்திருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை வகை, இங்கே பிரச்சினை இல்லாதது. கூடவரும் அடாப்டரின் லேபிளில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 120 வோல்ட் என்றால் நம் வீட்டுப் பிளக்கில் சொருகிய நிமிடமே கருகிவிடும்.

கேள்வி: பத்து ஹெச்.ஓ. இன்ஜின் இருக்கிறது. 5 ஆம்பியர் சிஸ்டம் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகர், சேலம்

பதில்: அலமாரியில் இருப்பதை எண்ணாதீர்கள், ஒரே நேரத்தில் ஓடுவதை எண்ணுங்கள். இப்போது வரும் ஹெச்.ஓ. இன்ஜின் ஓடும்போது கால் முதல் அரை ஆம்பியர் எடுக்கும். ஒலி டிகோடர் இருந்தால் 0.1 முதல் 0.2 கூடும். மூன்று இன்ஜின் ஓடினால் சுமார் ஒன்றரை ஆம்பியர். ஆறு பெட்டிகளில் பெட்டிக்கு இரண்டு பழைய குண்டு பல்பு, பல்புக்கு 50 மில்லி ஆம்பியர் என்றால் அதுவே 0.6. மொத்தம் 2.1. பெட்டிக்கு 15 மில்லி ஆம்பியர் எல்.ஈ.டி. பட்டையாக மாற்றினால் அந்த 0.6 என்பது 0.09 ஆகிறது, 2 ஆம்பியர் பெட்டியே போதும். தண்டவாளத்துக்கு அதிக ஆம்பியர் தரும் பூஸ்டர் பெட்டி வாங்கும் காசில் எல்லாப் பெட்டிக்கும் விளக்கு மாற்றிவிடலாம்.

அதிக ஆம்பியர் என்பது அதிகப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 75 வாட், சால்டரிங் இரும்பைவிட அதிகம். தடம் புரண்ட சக்கரம் ஷார்ட் ஆகி, பூஸ்டர் உடனே கட் ஆகாவிட்டால் சக்கரங்களைத் தாங்கும் போகி ஃபிரேமின் பிளாஸ்டிக் உருகும். ஹெச்.ஓ.வைவிடச் சின்னதான ‘என்’ ஸ்கேலுக்கு 12 வோல்ட்டும் 2 ஆம்பியரும் தாராளம்.

கேள்வி: இன்ஜினீயரிங் படிக்கிறேன். ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் டி.சி.சி. நானே செய்யலாம் என்கிறார்கள். நிஜமாக ஓடுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நன்றாக ஓடும். டி.சி.சி.-ஈ.எக்ஸ். என்ற திறந்த மூல மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. தேவையானவை: ஆர்டுயினோ மெகா 2560, எல்298 சிப் உள்ள ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டு, 14 முதல் 16 வோல்ட் 3 ஆம்பியர் டி.சி. அடாப்டர், மெகாவுக்குத் தனியாக 7 முதல் 9 வோல்ட் சின்ன அடாப்டர், போனில் ஓட்ட ஒரு ஈ.எஸ்.பி. வைஃபை போர்டு.

கடையில் அதிகம் கிடைக்கும் சிவப்பு எல்298என் மாட்யூலை வாங்கிவிடாதீர்கள். எவ்வளவு கரன்ட் போகிறது என்று அளந்து ஆர்டுயினோவுக்குச் சொல்லும் ஏற்பாடு அதில் அப்படியே கிடைப்பதில்லை. ரயில் நகரும், ஆனால் ஷார்ட் ஆனால் கட் ஆகாது, டிகோடரைப் படிக்கவும் முடியாது. ஆர்டுயினோமேல் அப்படியே உட்காரும் ஷீல்டுதான் வேண்டும்.

ஷீல்டைச் சொருகுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ‘வின் கனெக்ட்’ என்று எழுதிய இடத்தில் இரண்டு சின்னப் பட்டைகளை இணைக்கும் மெல்லிய செம்புக் கோடு இருக்கும். அதைக் கூரான கத்தியால் கீறி வெட்டுங்கள். வெட்டிய பிறகு இரண்டு பட்டைக்கும் நடுவே மல்டிமீட்டரின் பீப் சத்தம் வரக் கூடாது. வெட்டாவிட்டால் ரயிலுக்குப் போக வேண்டிய 15 வோல்ட் மெகாவின் ரெகுலேட்டருக்கும் ஏறி அதைச் சூடாக்கிக் கொன்றுவிடும். அதன்பின் ஷீல்டைச் சொருகி, மென்பொருளைக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றி, ஏ பக்கம் மெயின் லைன், பி பக்கம் புரோகிராமிங் தண்டவாளம் என்று கம்பி கொடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் என்ஜின் டிரைவர் என்ற ஆப் இதோடு பேசும். கம்ப்யூட்டரில் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளும் பேசும்.

எல்298 பழைய வகை சிப், தன்னிடமே சுமார் 2 வோல்ட் வைத்துக்கொள்ளும். 14 வோல்ட் கொடுத்தால் தண்டவாளத்தில் 12 தான். ‘என்’ ஸ்கேலுக்கு அது சரி. ஹெச்.ஓ.வுக்கு 15 அல்லது 16 கொடுங்கள். ஒன்றரை ஆம்பியருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டினால் சிப் தொட முடியாத அளவுக்குச் சுடும், மேலே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். மற்றபடி, இன்ஜின் அளவில் தரம் குறைந்தது என்று இதைச் சொல்லவே முடியாது. தண்டவாளத்துக்கு வருவது அதே 58, அதே 100.

கேள்வி: பலகையின் தூரத்து மூலையில் இன்ஜின் மெதுவாகிறது. சில சமயம் நின்றுவிடுகிறது. ஒரு முறை தடம் புரண்டபோது சிஸ்டம் கட் ஆகவே இல்லை, சக்கரம் கொதித்துவிட்டது. சிஸ்டம் பழுதா?
– வாசகர், மதுரை. இதே தொல்லையைத் திருப்பூர், தஞ்சாவூர் வாசகர்களும் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பிதான் மெல்லிசு. மூன்று பேரும் சொல்லியிருக்கும் அடையாளம் அதையே காட்டுகிறது. இதைச் சரிசெய்யாமல் ரயிலை ஆள் பார்க்காமல் ஓட விடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பலகைக்கு அடியில் 6 மீட்டர் தூரம் போகிறது என்றால் போக வர 12 மீட்டர் கம்பி. ஸ்பீக்கருக்கு இழுக்கும் 0.2 ஸ்கொயர் எம்.எம். கம்பி என்றால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒரு ஓம். 3 ஆம்பியர் போனால் 3 வோல்ட் கம்பியிலேயே காணாமல் போகும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்.எம். கம்பியில் அதே தூரத்துக்கு 0.15 ஓம், இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

வேகம் குறைவது சின்ன விஷயம். ஆபத்து ஷார்ட்டில்தான். மெல்லிய கம்பி, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டின் துரு எல்லாம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 15 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 3.75 ஆம்பியர். 5 ஆம்பியரில் கட் ஆகும் பூஸ்டருக்கு அது ஷார்ட்டாகவே தெரியாது, ஏதோ நிறைய ரயில் ஓடுகிறது என்றுதான் தோன்றும். 56 வாட் அந்த ஃபிஷ்பிளேட்டிலும் சக்கரத்திலும் எரிந்துகொண்டிருக்கும். உங்கள் சக்கரம் கொதித்தது இப்படித்தான்.

செய்ய வேண்டியது: சிவப்பு, கறுப்பு என்று இரண்டு நிறத்தில் 1.5 ஸ்கொயர் எம்.எம். கம்பி வாங்கி (10 மீட்டருக்கு மேல் ஓடினால் 2.5) தண்டவாளத்துக்கு நேர் கீழே மெயின் கம்பியாக இழுங்கள். இரண்டையும் மீட்டருக்குப் பத்து முறுக்கு வீதம் முறுக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து மீட்டருக்கு ஓரிடமாவது, முடிந்தால் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும், 0.5 ஸ்கொயர் எம்.எம். கிளைக் கம்பி மேலே ஏறட்டும். நீளம் 15 அல்லது 20 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஃபிஷ்பிளேட்டை நம்பாதீர்கள். அது தண்டவாளத்தை நேராகப் பிடிக்க மட்டும்தான். தண்டவாளத்தின் நிக்கல் சில்வர் உலோகத்துக்கே செம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ரெசிஸ்டன்ஸ். கடலோர ஊர்களில் அந்த மூட்டுகள் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

சால்டர் வைக்கும்போது ஸ்லீப்பர் உருகுகிறது என்பவர்கள் இரும்பைச் சின்னதாக எடுப்பதுதான் தவறு. 25 வாட்டில் பத்து விநாடி பிடிப்பதைவிட 60 வாட்டில் இரண்டு விநாடி மேல். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை எமரி தாளால் தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்து, ஏற்கெனவே ஈயம் பூசிய கம்பியை அழுத்தித் தொட்டு எடுங்கள்.

முடிந்ததும் நாணயச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். சிஸ்டம் அந்தக் கணமே கட் ஆக வேண்டும், எடுத்ததும் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு சைடிங் கடைசியிலும், லைன் பிரியும் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு அப்பாலும் வைத்துப் பாருங்கள். கட் ஆகாத இடம் எதுவோ அங்கே கிளைக் கம்பி போதவில்லை. நாணயத்தை ஒரு விநாடிக்கு மேல் விடாதீர்கள்.

5 ஆம்பியர் பூஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. லேஅவுட்டை நாலைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போகும் கம்பியில் காரின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பைத் தொடராக மாட்டலாம். ஷார்ட் ஆன பகுதியின் பல்பு மட்டும் பளீரென எரியும், கரன்ட் 2 ஆம்பியரை ஒட்டி நின்றுவிடும், மற்றப் பகுதிகளில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். பல்பு சுடும், பிளைவுட்டிலிருந்து தள்ளி வையுங்கள். 2 ஆம்பியர் சிஸ்டத்துக்கு இது உதவாது.

கேள்வி: டிகோடர் இல்லாத பழைய இன்ஜினை டி.சி.சி. தண்டவாளத்தில் வைக்கலாமா? ‘கர்ர்’ என்று சத்தம் வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: வைக்காதீர்கள். அந்தச் சத்தம், நொடிக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் இழுபடும் மோட்டாரின் சத்தம். சைபர் பிட்டின் ஒரு பக்கத்தை நீட்டி, டிகோடர் இல்லாத ஒரு இன்ஜினை ஓட்டும் வசதி சில சிஸ்டத்தில் உண்டு. அப்போதும் நிற்கும் நேரத்தில் மோட்டார் சூடாகிக்கொண்டே இருக்கும். கோர் இல்லாத மோட்டார் என்றால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

டிகோடர் போடுங்கள். இன்ஜினுக்குள் எட்டுப் பின் சாக்கெட் இருந்தால் அதில் இருக்கும் டம்மி பிளக்கை எடுத்துவிட்டு டிகோடர் பிளக்கைச் சொருகினால் போதும். ஆரஞ்சுக் கம்பி ஒன்றாம் எண் பக்கம் வர வேண்டும். திருப்பிச் சொருகிவிட்டால் பயம் வேண்டாம்: இன்ஜின் தலைகீழ்த் திசையில் ஓடும், விளக்கு எரியாது. எடுத்துத் திருப்பிப் போடுங்கள்.

சாக்கெட் இல்லாத பழைய இன்ஜினில் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மோட்டாரின் பிரஷ் இரண்டும் சேஸிஸோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். பழையவற்றில் ஒரு பிரஷ் நேராகச் சேஸிஸில் தொட்டிருக்கும். கம்பிகளைப் பிரித்த பிறகு ஒவ்வொரு பிரஷுக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு இடத்தில் பீப் வந்தாலும் டிகோடரை மாட்டாதீர்கள், மின்சாரம் கொடுத்த கணமே புகையும். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. எல்.ஈ.டி. என்றால் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் சேருங்கள்.

கேள்வி: ரயில் சுற்றித் திரும்பி அதே லைனில் எதிர்த்திசையில் வருவதுபோல் லூப் போட்டேன். பாயின்ட்டைத் தாண்டும்போதெல்லாம் ஷார்ட்.
– வாசகர், கரூர்

பதில்: லூப்பைச் சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேர்கிறது, அதனால்தான். லூப்புக்குள் ஒரு பகுதியை இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் வெட்டித் தனியாக்குங்கள். வெட்டுகள் நேருக்கு நேர் இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு ஆட்டோ ரிவர்ஸர் போர்டு வழியாக மட்டும் கம்பி போகட்டும். சக்கரம் வெட்டைத் தொட்டதும் போர்டு ஷார்ட்டை உணர்ந்து மில்லி விநாடிகளில் திசையை மாற்றிவிடும். இன்ஜின் தயங்கக்கூடச் செய்யாது.

இரண்டு தவறுகள் வழக்கம். தனியாக்கிய பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் ஒரு வெட்டிலும் கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் இன்னொரு வெட்டிலும் ஒரே நேரத்தில் நிற்கும். எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் ஷார்ட். அடுத்தது, ரிவர்ஸர் முந்திக்கொள்ள வேண்டும். 2 ஆம்பியர் சிஸ்டத்தோடு 4 ஆம்பியரில் விழித்துக்கொள்ளும் ரிவர்ஸரை வைத்தால் சிஸ்டம்தான் முதலில் கட் ஆகும். அதன் ட்ரிப் அளவை ஒரு ஆம்பியரை ஒட்டிக் குறையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய இரண்டு இன்ஜினும் ஒன்றாகவே கிளம்புகின்றன. எண் மாற்றப் பார்த்தால் ‘படிக்க முடியவில்லை’ என்று வருகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: எல்லா டிகோடரும் 3 என்ற எண்ணோடுதான் கடைக்கு வரும். ஒவ்வொன்றாகப் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து மாற்றுங்கள். இன்ஜினின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணின் நான்கு இலக்கத்தை வைத்தால் மறக்காது. 4071 என்று வைப்போம். சிஸ்டமே கணக்குப் போட்டுவிடும். கையால் போடுவதென்றால்: 4071-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 231. டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களை சி.வி. என்பார்கள். சி.வி. 17-இல் 192 கூட்டல் 15, அதாவது 207. சி.வி. 18-இல் 231. சி.வி. 29-இல் வழக்கமான 6-ஓடு 32 சேர்த்து 38. கடைசியதை மறந்தால் டிகோடர் பழைய எண்ணுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். 100 முதல் 127 வரை உள்ள எண்களைத் தவிருங்கள். சில சிஸ்டத்துக்கு அவை சின்ன எண், சிலவற்றுக்குப் பெரிய எண். நண்பர் வீட்டு லேஅவுட்டில் உங்கள் இன்ஜின் அசையாது.

‘படிக்க முடியவில்லை’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. டிகோடருக்குப் பேச வாய் கிடையாது. ‘ஆமாம்’ என்று சொல்ல மோட்டாரை 6 மில்லி விநாடி இயக்கி, கரன்ட்டை 60 மில்லி ஆம்பியர் கூட்டிக் காட்டும். இன்ஜின் லேசாகத் துடிப்பது அதனால்தான். சக்கரம் அழுக்காக இருந்தாலோ, மோட்டார் கம்பி விட்டிருந்தாலோ, உள்ளே பெரிய கப்பாசிட்டர் இருந்தாலோ அந்தத் துடிப்பு சிஸ்டத்துக்குத் தெரியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சக்கரத்தைத் துடைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் படிக்காவிட்டால் படிக்காமலே எழுதுங்கள், எழுதுவது பெரும்பாலும் ஏறிவிடும். எல்லாம் குழம்பிவிட்டால் பல டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும்.

கேள்வி: நீலகிரி மலை ரயிலை 1:87 அளவில் செய்கிறேன். இதற்குத் தனி சிஸ்டம் வேண்டுமா? நிஜ ரயில்போல் மெதுவாக ஏற வேண்டும்.
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: சிஸ்டம் அதேதான். ஒரு மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.5 மி.மீ., ஆகவே 12 மி.மீ. தண்டவாளம், ஹெச்.ஓ.எம். என்பார்கள். கல்லாறு – குன்னூர் நடுவே உள்ள பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தை மாடலில் வைத்தால் சாதாரணச் சக்கரம் வழுக்கும், அங்கேயும் பல் தண்டவாளம் வேண்டும். சுவிஸ் மலை ரயில் மாடல்களுக்கு பெமோ செய்யும் பல் தண்டவாளம் இந்த அளவுதான். இன்ஜின் நிஜத்தில்போலவே இறக்கப் பக்கம் நின்று தள்ளட்டும். கப்ளிங் கழன்றாலும் பெட்டிகள் கீழே ஓடிவிடாது.

டிகோடர் நெக்ஸ்ட்18 வகை, 15-க்கு 9.5 மி.மீ. அளவு, வாங்குங்கள். மோட்டாரின் எதிர் வோல்டேஜை அளந்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஏற்றத்தில் முக்கி, இறக்கத்தில் பாயும். பாயின்ட்டில் நின்றுவிடாமல் இருக்கக் கப்பாசிட்டர் மாட்யூலும் சேருங்கள். 128 வேகப் படியில் ஓட்டுங்கள். சி.வி. 5-ஐக் குறைத்து உச்ச வேகத்தை இறக்குங்கள், சி.வி. 6 அதில் பாதிக்கும் கீழே இருக்கட்டும். அளவுக்குக் கடிகாரம்தான் வழி: மணிக்கு 10 கிலோமீட்டர் என்பதை 87-ஆல் வகுத்தால் விநாடிக்கு 3.2 சென்டிமீட்டர். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கடக்க உங்கள் இன்ஜினுக்கு 31 விநாடி ஆகும்வரை சி.வி. 5-ஐக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.